கலை போட்ட சாம்பல் கோலம்

சரவணா,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ குடும்ப குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டதிலிருந்து இன்றோடு ஐந்து நாள், ஒரு வேளைச் சோறும் எனக்கு ஒழுங்காக இறங்கவில்லை. “அப்பா, பாத்தீங்களா? எப்படி?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். தாப்பாவிலிருந்து உன் மாமனார் கைதட்டும் பொம்மையாக அனுப்பித் தள்ளுகிறார். அன்றைக்கே உன் அம்மாவை விட்டுப் பவானிக்குப் போன் போட்டு, பாப்பாவைக் கராஜ் பக்கம் விடாதே என்று சொல்லவைத்தேன். பின்னால் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. “ஈயம் அந்தச் சூட்டுல ஆவியாகாதும்மா, நான் எல்லாம் படிச்சிட்டுத்தான் செய்றேன், அப்பாவப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க” என்றாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் கத்துவேன், நீ கட் பண்ணிவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நீ வீடியோ போட்ட அதே குரூப்பில் போடப்போகிறேன். நீ எல்லாருக்கும் முன்னால்தானே காட்டினாய்? நானும் எல்லாருக்கும் முன்னால்தான் சொல்வேன். பவானியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

கேமராவை நிறுத்தி வைத்து அந்த வீடியோவை எடுத்தவன் நீயாக இருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ பார்த்ததெல்லாம் உருக்குச் சட்டியும், அச்சைத் திறந்ததும் துண்டின் மேல் பளபளவென்று விழும் குண்டுகளும், கடைசியில் அட்டையில் விழுந்த ஐந்து ஓட்டைகளும்தான். ஐம்பது மீட்டரில் சுட்ட ஐந்தையும், இங்கேயிருந்து கொண்டுபோன ஐம்பது சென் மலேசியக் காசு ஒன்றை வைத்து மூடிக் காட்டினாய். நாங்கள் மூன்று பேரும் தோசை சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். உன் அக்கா கலைதான் திடீரென்று சொன்னாள்: “அப்பா, பாப்பா கை கோத்தோரா இருக்கு. அழுக்குக் கைய வாயில வைக்குதுலா.” சாப்பிடு, பேசாதே என்று அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு, வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம். சுட்டு முடிந்த காலித் தோட்டாக் கூடுகளை மினுக்குவதற்காகச் சோளச் சக்கைத் தூளோடு போட்டுச் சுற்றும் இயந்திரத்திலிருந்து கொட்டிச் சலிக்கிறாய். வெயிலில் தூசி எழும்புகிறது. அந்தத் தூசிக்குக் கீழே, உன் முதுகுக்குப் பின்னால், பதினான்கு மாதப் பிள்ளை தவழ்ந்து வந்து இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தட்டி, நான்கு விரலையும் வாய்க்குள் விட்டுச் சப்புகிறாள். பவானி சிரிக்கும் சத்தம் கேட்கிறது. நீ திரும்பிப் பார்க்காமல் சலித்துக்கொண்டே இருக்கிறாய்.

இந்தத் துப்பாக்கி விஷயம் ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்குமா? ஆஸ்திரேலியாவில் டிராக்டர் பழுது பார்க்கப் போன பையன் துப்பாக்கி வாங்கியிருக்கிறான் என்றதும் உன் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. ஒரு தோட்டா சட்டைப் பையில் இருந்தாலே வாழ்க்கை முடிந்துவிடுகிற ஊர் இது. அங்கே லைசென்ஸ் இருக்கிறது, கிளப் இருக்கிறது, பண்ணைக்காரர்களே பன்றி சுடக் கூப்பிடுகிறார்கள் என்று நீ மாதக்கணக்கில் எடுத்துச் சொல்லித்தான் அவள் அடங்கினாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு ஒரு மணி நேரம் இதே பேச்சு. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுகிற பழைய பாணித் துப்பாக்கி அது என்றாய். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை நிற்பதால், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிட்டத்தைக் குத்தி வெடித்துவிடக் கூடாது, அதனால் குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்றாய். முதலில் வார்த்த குண்டுகள் குழலுக்குச் சரியாகப் பொருந்தாமல் உள்ளே ஈயத்தை அப்பிவிட்டு, அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியபோது, நீ அழாத குறைதான். மெத்தென்ற ஈயத்தைக் குழலுக்குள் அடித்துத் தள்ளி அதன் உள்ளளவை எடுத்தாய். குண்டை மயிரிழை பருமனாக்கினாய். மெழுகை மாற்றினாய். வெடிமருந்தைக் கடுகளவு கடுகளவாகக் கூட்டிப் பார்த்தாய், வேகம் கூடினால் குறி கெடுகிறது என்று மறுபடி இறக்கினாய். “ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்ப்பா. ரெண்ட மாத்திட்டா எதால நல்லா வந்துச்சுன்னு தெரியாது” என்று எனக்கே பாடம் நடத்தினாய். நோட்டுப் புத்தகத்தைக் கேமராவில் காட்டினாய். சுட்ட நாள், வெயில், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் இருந்தது. பாப்பா எந்தப் பக்கம் இருந்தாள் என்று அதில் ஒரு வரி உண்டா?

போன மாதம், நாங்கள் பாப்பா யாழினியின் காது குத்துக்கு வருவது முடிவானதும், ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறையும், அங்கே விலை கொள்ளை, கோப்பெங்கில் பழைய சுரங்க ஆட்களிடம் இருக்குமே, வரும்போது இரண்டு கிலோ எடுத்து வாங்கப்பா என்றாய். மூட்டு வலியோடு பஸ் ஏறிப் போனேன். ஒரு காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்த சீன அங்கிள் ஒருவர் படுக்கைக்கு அடியிலிருந்து இரண்டு கட்டி எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். மகன் கேட்டான் என்றேன், துப்பாக்கிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த இரண்டு கட்டியும் இப்போது இந்த மேசை மேல் இருக்கின்றன. இந்தக் காகிதம் காற்றில் பறக்காமலிருக்க அவற்றைத்தான் மேலே வைத்திருக்கிறேன். அவற்றை நான் கொண்டுவரப் போவதில்லை.

ஆனால் இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதினாயே, ‘அப்பாகிட்ட கத்துக்கிட்டது, அவர் ரத்தம்’ என்று, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைப் படித்ததும் செவிட்டில் ஒன்று விட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் நீ பொய் சொல்லவில்லை. உன் பள்ளிக்கூடக் காலம் முழுக்க நான் உட்காரவைத்துச் சொன்ன கதைதானே அது? சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, சாயங்காலம் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஈயம் உருக்கி, ஜாலா என்கிற வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கிற குண்டுகள் வார்த்த கதை. பழைய லோரி பேட்டரியை உடைத்துத் தகடு எடுப்பேன். கட்டிப்பால் டின்தான் சட்டி. செங்கல்லில் குழி குடைந்த அச்சு, துளைக்கு ஆணி. எல்லாக் குண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், ஒன்று கனமாக இருந்தாலும் வலை கோணிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பேன். லுமுட் பக்கத்து மீன்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போனார்கள். “உங்க குண்டு போட்டா ஜாலா தட்டாட்டம் வட்டமா விழுதுண்ணே” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கல்யாணப் பந்தியில்கூட உன் மாமனாரிடம் சொன்னேன். நீ ஐம்பது சென் காசை வைத்து மூடிக் காட்டியது எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கதையில் நான் பாதியை மறைத்துவிட்டேன். மறைத்த பாதி உன் அக்கா. ஈயம் உருகும்போது மேலே ஆடை மாதிரி ஒரு கசடு கட்டும், உனக்குத் தெரியும். நீ அதைக் கரண்டியால் வழித்து டின்னில் போடுகிறாய். நான் வழித்துப் பின்பக்கக் குழாயடியில் கொட்டுவேன். காய்ந்தால் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஆகிவிடும். கலைக்கு அப்போது மூன்று வயது. முன்வாசலில் உன் அம்மா அரிசி மாவில் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, பின்பக்கம் அவள் அந்தச் சாம்பலை அள்ளிக் கோலம் போடுவாள். கோலம் என்றால் என்ன, நாலு வட்டம், நடுவில் ஒரு வட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு விரலிடுக்கில் அவ்வளவு ஒழுங்காகப் பொடி விழுந்தது. லயத்துச் சனமே வந்து பார்த்துவிட்டுப் போனது. “பாருங்கலா, பெரிய மனுசி கணக்கா போடுது” என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டி இல்லாமல் விழட்டும் என்று, நானே அந்தக் கசடைச் சலித்து, தனியாக ஒரு டின்னில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். நன்றாகப் படி சரவணா. நானே சலித்துக் கொடுத்தேன். கோலம் முடிந்ததும் விரலை நக்குவாள். இனிப்பாக இருக்கிறது என்பாள். நாங்கள் சிரிப்போம்.

இரண்டு வயதில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை மூன்றரை வயதில் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பூச்சி என்று மருந்து கொடுத்தோம், விளக்கெண்ணெய் கொடுத்தோம், கோயிலில் திருநீறு போட்டோம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உன் அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். கண் வைத்தவன் நான், அவளுக்குப் பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் தோட்டத்தை விற்றார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள், ஈப்போவுக்கு வந்து வாடகை வீடு எடுத்தோம். வந்த இரண்டாவது மாதம் கலைக்கு வலிப்பு வந்தது. அப்போது அவளுக்கு நாலு வயது. நீ பிறக்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. நீ தப்பித்தது என் புத்தியால் இல்லை, தெரிந்துகொள். தோட்டத்தை விற்றார்கள், மீன்காரர்கள் தூரமாகிவிட்டார்கள், குண்டுக்கு ஆள் இல்லை, அதனால்தான் நிறுத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். பால்மரம் வெட்டினேன், இப்போது லோரியில் ஏற்றி இறக்குகிறேன் என்றேன். வேறு என்ன என்றார். வேறொன்றுமில்லை என்றேன். உன் அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு அப்போது மலாய் தட்டுத் தடுமாறித்தான் வரும். “ஈயம் உருக்குவாருன்னு சொல்லுங்களேன். அத ஏன் சொல்லாம நிக்கிறீங்க?” என்று தமிழில் என்னிடம் கேட்டாள். அவளே கையால் டின்னையும் அடுப்பையும் ஜாடை காட்டிச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. பிள்ளையின் இரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறது, அது மூளையைத் தொட்டுவிட்டது, மருந்து கொடுத்து இறக்கிவிடலாம், ஆனால் போனது போனதுதான் என்றார். மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் அம்மாவிடம் சொன்னேன்: “யாரு கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு. காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறிடுச்சுன்னு சொல்லு.” அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க சொல்லிக்கிங்க. நான் பேசாம இருந்துக்கிறேன்” என்றாள். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தாள். அக்காவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் என்று நீ நம்பி, பவானியிடமும் சொன்னாயே, அந்தக் காய்ச்சல் நான்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. தெரிந்த பிறகுதான் நான் அவளை அடித்தேன். தெரியாமல் அடித்தேன் என்றால் ஊர் மன்னிக்கும். டாக்டர் சொன்னது தப்பு, என் மகள் மற்ற பிள்ளைகள் மாதிரிதான், சோம்பேறித்தனம்தான், நாலு போட்டால் வரும் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள அடித்தேன். அவள் வாய்ப்பாடு சொல்லிவிட்டால் நான் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? பிரம்பு அலமாரிக்கு மேலேயே இருக்கும். உனக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அதை நீ உன் கல்யாணத்தில் மைக் பிடித்து எல்லாருக்கும் வேடிக்கையாகச் சொன்னாய். கலைக்குப் பதினொரு வயது. ஏழெட்டு எத்தனை என்று கேட்டு நிற்கவைத்திருந்தேன். உனக்கு ஐந்து வயது, பயந்துபோய் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தாய். அங்கேயிருந்து அவளுக்கு ‘அம்பத்தாறு’ என்று குசுகுசுத்தாய். கேட்டுக் கேட்டே உனக்கு வந்துவிட்டது. நான் சிரித்து, உன்னைத் தூக்கி மேசை மேல் நிறுத்தி, “பாரு, உன் தம்பியப் பாரு, மூளைன்னா இது. நீ மக்கு” என்று சொல்லி அவளுக்கு இன்னும் இரண்டு போட்டேன். நீ அழுதாய் என்பதைக் கல்யாணத்தில் சொல்லவில்லை. சபை சிரித்தது. கலையும் சிரித்தாள், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று. உன் அம்மா எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

அந்த மண்டபத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் இன்று நீ அந்தச் சட்டியை வாங்கியிருக்க மாட்டாய், ‘அப்பாகிட்ட கத்துக்கிட்டது’ என்று எழுதியிருக்க மாட்டாய். ஜாலா வட்டமாக விழுந்த கதையைப் பெருமையாகச் சொன்ன வாய், சாம்பல் கோலத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னைத் திட்டுவதை வைத்து நீ தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நீ படித்தவன். எந்தக் கலவைக்கு எந்தச் சூடு என்று பத்துப் புத்தகம் படித்தாய், அதே புத்தகத்தில் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனாய். ஆவியாகாது என்கிறாய். யார் ஆவியைப் பற்றிப் பேசினார்கள்? கசடு தூளாகிறது, தூள் தரையில் படிகிறது. இந்த ஐந்து நாளில் நானும் கைப்பேசியில் தேடிப் படித்தேன். நீ சலித்தாயே, அந்தக் கூடுகளுக்குள் சுட்ட பிறகு ஒட்டியிருக்கும் கரியில்கூடக் காரீயம் இருக்கிறதாம். அந்தத் தூசி உன் சட்டையில் இருக்கிறது, செருப்பில் இருக்கிறது, அதே சட்டையோடுதான் பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சுகிறாய். பெரிய ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தவழ்கிற பிள்ளைக்குத் தரைதான் தட்டு.

துப்பாக்கியை விடு என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டாய், அதுவும் என் ரத்தம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பாயே, முதலில் மாற்ற வேண்டியது வெடிமருந்தும் இல்லை, மெழுகும் இல்லை, இடம். வீட்டோடு ஒட்டிய கராஜில் அந்தச் சட்டி இனி ஏறக் கூடாது. உருக்குவதானால் கிளப்பிலோ, ஆளில்லாத கொட்டகையிலோ போய் உருக்கு. அதற்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு வைத்துக்கொள், அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, கை முகம் கழுவி, அப்புறம் வீட்டுக்குள் கால் வை. கராஜைத் துடைப்பத்தால் பெருக்காதே, தூசி எழும்பும், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூர எறி. குண்டு விழுந்த துண்டு சமையலறைத் துண்டு என்று எனக்குத் தெரியும், பவானி தாப்பாவிலிருந்து கொண்டுபோனது, உன் மாமியார் பூப்போட்டுத் தைத்தது. அதையும் எறி. எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே யாழினியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், காரீயம் பார்க்க வேண்டும் என்று கேட்டு இரத்தம் எடு. சளி, பல் முளைக்கிற நேரம் என்று வேறு காரணம் சொல்லாதே. ஈயம் உருக்குகிறேன் என்று உன் வாயால் சொல். நான் அன்று நின்றது போல ஊமையாக நிற்காதே. அந்த இரத்தச் சோதனைச் சீட்டைப் படம் பிடித்து இதே குரூப்பில் போடு. அது வராமல் நாங்கள் விமானம் ஏற மாட்டோம். என்னவாக இருந்தாலும் போடு. குறைவாக இருந்தால் காது குத்த வருகிறோம். கூடுதலாக இருந்தால் மறுநாளே வருகிறோம்.

இதை எல்லாருக்கும் காட்டுவதற்கு முன்னால் காட்ட வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் சொல்லாமல் போட்டால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் பேசாமல் இருந்தவள் முதல் தடவை பேசினாள். இன்று மத்தியானம் கலை, துணி வெளுக்கும் டோபிக் கடை வேலையிலிருந்து அரை நாளில் வந்ததும், மேசைக்கு எதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவளுக்குக் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியுமே, கொடியிலிருந்து எடுத்த துணியை மடியில் போட்டு மடித்துக்கொண்டே கேட்டாள். கோலம் வந்த இடத்தில் சிரித்தாள், அவளுக்கு அந்தக் கோலம் ஞாபகம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் மடிப்பதை நிறுத்தினாள். மேசைக்கு அடியில் நீ ஒளிந்திருந்த இடம் வந்தபோது எனக்கு வாசிக்க முடியவில்லை, உன் அம்மா வாங்கி வாசித்தாள்.

முடிந்ததும் கலை கையிலிருந்த துணியை மேசை மேல் வைத்தாள். “அப்ப நான் மக்கு இல்லையாப்பா?” என்று கேட்டாள். முப்பத்தேழு வயசு மகள் கேட்கிறாள். இல்லம்மா, இல்லவே இல்ல என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். கோபப்படுவாள், அழுவாள், என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் மிச்சத் துணியையும் மடித்து, ஓரம் ஓரமாகப் பொருத்தி அடுக்கினாள். அடுக்கி எழுந்து போனவள் கதவருகில் நின்று, தம்பிக்கு ஒன்று எழுத வேண்டும், நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“தம்பி, பாப்பாவுக்குக் கணக்கு வரலன்னாலும் நீ அடிக்கக் கூடாதுலா. சரியா?”